தண்டச்சோறு என்கிறார்களே, அந்தக் கணக்கு சரிதானா? தூக்குத் தண்டனையும் சிறைச் செலவும்

சேலம் அஸ்தம்பட்டி வட்டாரத்தில்தான் நீதிமன்ற வளாகமும் இருக்கிறது, மத்திய சிறையும் இருக்கிறது. காலையில் கோர்ட்டுக்குப் போகும் முன் நான் டீ குடிக்கும் கடையில் கொலை வழக்குத் தீர்ப்பு ஏதாவது பேப்பரில் வந்துவிட்டால் போதும், பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "ஆயுள் தண்டனையாம். தூக்குல போடாம, உட்கார வச்சு நம்ம வரிப்பணத்துல தண்டச்சோறு போடணுமா?"

இதைக் கேட்பவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. பெரும்பாலும் காலையிலிருந்து இரவு வரை உழைத்து வீட்டுக்கு அரிசி வாங்குகிற ஆள். கொலை செய்தவனுக்கு மூன்று வேளை சோறு நிச்சயம், தனக்கு அப்படி எந்த நிச்சயமும் இல்லை என்ற வலி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதனால் இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வருவதில்லை. அடிப்படையிலிருந்து விளக்கிப் பார்க்கிறேன்.

முதலில் சட்டம். கொலைக்கு நம் நாட்டில் இரண்டே தண்டனைகள்தான்: மரணம் அல்லது ஆயுள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 302ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 103ஆவது பிரிவு. இரண்டில் எதைக் கொடுப்பது என்பதில்தான் காலம் நிறைய மாறியிருக்கிறது. 1955 வரை, கொலைக் குற்றவாளிக்குத் தூக்கு கொடுக்காவிட்டால் ஏன் கொடுக்கவில்லை என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும். 1973இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதை அப்படியே திருப்பிப் போட்டது. ஆயுள்தான் வழக்கமான தண்டனை, தூக்கு கொடுத்தால் சிறப்புக் காரணங்களை எழுத வேண்டும் என்றது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே மரண தண்டனை, அதுவும் வேறு எந்தத் தண்டனையும் போதாது என்று ஐயமறத் தெரிந்தால் மட்டுமே என்று வரம்பு கட்டியது. ஐந்து நீதிபதிகளில் ஒருவர், பி. என். பகவதி, மரண தண்டனையே அரசியல் சாசனத்துக்கு முரண் என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

அப்புறம், ஆயுள் என்றால் 14 வருஷம் என்று எல்லோரும் சொல்வது. இது தவறு. ஆயுள் தண்டனை என்றால் சாகும்வரை. 1961இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. 14 ஆண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரை, தண்டனைக் குறைப்பு விதிகளின் கீழ் 14 ஆண்டு முடியும் முன் அரசு விடுவிக்கக் கூடாது என்று 1978இல் ஒரு திருத்தம் வந்தது. அது கீழ்வரம்பு. 14 முடிந்ததும் கதவு தானாகத் திறக்காது. 2008இல் ஸ்வாமி ஷ்ரத்தானந்தா வழக்குக்குப் பிறகு இன்னொரு வழியும் உண்டு. தூக்கு வேண்டாம், ஆனால் வழக்கமான ஆயுளும் போதாது என்று படும் வழக்குகளில் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் 20, 25, 30 ஆண்டு அல்லது சாகும்வரை விடுதலையே கிடையாது என்று சொல்லித் தண்டிக்கலாம். தூக்கு இல்லாவிட்டால் நாளைக்கே வெளியே வந்துவிடுவான் என்ற பயத்தில்தான் பலர் தூக்கு கேட்கிறார்கள். அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் ஏற்கெனவே பதில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, செலவுக்கு வருவோம். தூக்கு என்று தீர்ப்பு வந்த நாளோடு செலவு நின்றுவிடும் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். நிஜத்தில் என்ன நடக்கும் என்பதற்குச் சேலத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது.

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை வந்ததை எதிர்த்து மறியலும் வன்முறையும் நடந்த நாள். தருமபுரி இலக்கியம்பட்டியில் வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று பெண்கள் உள்ளேயே கருகிப்போனார்கள். இந்தப் பக்கத்தில் அப்போது பெண் பிள்ளையைக் கல்லூரி சுற்றுலாவுக்கு அனுப்பியிருந்த எந்த வீட்டிலும் அன்று இரவு யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். கிருஷ்ணகிரியில் நடந்த விசாரணையில் சாட்சிகள் பிறழ்ந்து போக, உயர் நீதிமன்றம் வழக்கைச் சேலத்துக்கு மாற்றியது. 2007 பிப்ரவரியில் சேலம் நீதிமன்றம் மூன்று பேருக்குத் தூக்கு விதித்தது.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். மரண தண்டனையை செஷன்ஸ் நீதிமன்றம் விதித்தாலும், உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. கைதி மேல்முறையீடே செய்யாவிட்டாலும் கோப்பு அங்கே போயாக வேண்டும். போனது. 2007 டிசம்பரில் உறுதியானது. உச்ச நீதிமன்றம் 2010 ஆகஸ்டில் உறுதி செய்தது. பிறகு சீராய்வு மனு, அதாவது தீர்ப்பை மறுபடி பார்க்கச் சொல்லி அதே நீதிமன்றத்திடம் கேட்பது. 2014இல் வேறொரு வழக்கில், மரண தண்டனைச் சீராய்வு மனுக்களைத் திறந்த நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் வாதம் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அப்படிக் கேட்டபோது, 2016 மார்ச்சில், இது கும்பல் வெறியில் நிகழ்ந்தது, அந்த மாணவிகளைக் கொல்லவென்று திட்டமிட்டது அல்ல என்று சொல்லி மூவரின் தண்டனையும் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2018 நவம்பரில் மாநில அரசின் பரிந்துரைப்படி அவர்கள் விடுதலையானார்கள்.

அந்த விடுதலையைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. அந்தப் பெற்றோரின் இடத்தில் நின்று பார்த்தால் அதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆனால் இங்கே நான் காட்ட வந்தது செலவை. 2007 முதல் 2016 வரை ஒன்பது ஆண்டுகள் மூன்று பேர் தூக்குக் கைதிகளாகவே சாப்பிட்டிருக்கிறார்கள். அத்தனை காலமும் சிறைக்காவல், சென்னையிலும் டெல்லியிலும் அரசு வழக்கறிஞர்கள், மூட்டை மூட்டையாக மொழிபெயர்ப்பு, ஆவணக் கட்டு, நீதிபதிகளின் நேரம். ஏழைக் கைதி என்றால் அவர் தரப்பு வக்கீலுக்கும் இலவச சட்ட உதவியிலிருந்து அரசுதான் கட்டணம் கொடுக்கும். 2022இல் மனோஜ் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, தூக்கு விதிக்கும் முன் குற்றவாளியின் வளர்ப்பு, மனநிலை, சிறை நடத்தை பற்றியெல்லாம் அறிக்கை வாங்க வேண்டும். இவை முடிந்தால் ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கருணை மனு. அது நிராகரிக்கப்பட்டால் அதை எதிர்த்தும் வழக்குப் போடலாம். கருணை மனுவைக் காரணமில்லாமல் இழுத்தடித்தாலே தண்டனையைக் குறைக்கலாம் என்று 2014இல் சத்ருகன் சௌகான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லி, 15 பேரின் தூக்கை ஆயுளாக்கியது.

இதையெல்லாம் எடுத்துவிட்டு, தீர்ப்பு வந்த மறுநாளே தூக்கில் போட்டால் மிச்சம்தானே என்று டீக்கடையில் ஒருமுறை ஒருவர் கேட்டார். எடுத்துவிட முடியாததற்குக் காரணம் ஒரே ஒரு எண்ணிக்கையில் இருக்கிறது. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வு, விசாரணை நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகள் மேலே போய் என்ன ஆகின்றன என்று பார்த்தது. கடைசிவரை நிலைத்தவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. நூற்றுக்கு முப்பது பேர் அளவுக்குக் குற்றமே நிரூபணமாகவில்லை என்று விடுதலை. அந்தப் படிகளை வெட்டினால் மிச்சமாகும் பணத்தை அந்த முப்பது பேரின் உயிரில் கழிக்க வேண்டியிருக்கும்.

உலகத்தில் இதைப் பைசா பைசாவாகக் கணக்குப் போட்ட இடம் ஒன்று கலிபோர்னியா. அங்கே நீதிபதியாக இருந்த ஆர்தர் அலார்கோனும் சட்டப் பேராசிரியர் பவுலா மிட்செலும் 2011இல் கணக்கிட்டார்கள். 1978இல் மரண தண்டனை திரும்ப வந்ததிலிருந்து அதற்காக மாநிலம் செலவழித்தது சுமார் 400 கோடி டாலர். அத்தனை ஆண்டுகளில் நிறைவேற்றப்பட்டது 13 பேருக்கு. ஒரு ஆளுக்கு 30 கோடி டாலருக்கும் மேல். அமெரிக்கச் செலவை நம்மோடு ஒப்பிட முடியாது, அங்கே வக்கீல் கட்டணமே வேறு. ஆனால் செலவு ஏறுவதற்கான காரணம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். உயிரைத் திருப்பித் தர முடியாது என்பதால் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது சோற்றுக் கணக்கு. ஒரு கைதிக்கு வருஷத்துக்கு இவ்வளவு ஆகிறது என்று ஒரு தொகையைச் சொல்லி, அவரைத் தூக்கில் போட்டால் அவ்வளவும் மிச்சம் என்பார்கள். அந்தத் தொகை எப்படி வருகிறது? சிறைத்துறையின் மொத்தச் செலவைக் கைதிகளின் எண்ணிக்கையால் வகுப்பதால் வருகிறது. மொத்தச் செலவில் பெரும்பங்கு வார்டர்கள், அலுவலர்கள் சம்பளம். சேலத்திலிருந்து ஏற்காடு போகிற பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். டீசல், டிரைவர், கண்டக்டர், டயர் என்று எல்லாவற்றையும் கூட்டி ஐம்பது பயணிகளால் வகுத்தால் தலைக்கு ஒரு தொகை வரும். அடிவாரத்தில் ஒருவர் இறங்கிவிட்டால் அந்தத் தொகை மிச்சமாகிவிடுமா? பஸ் இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறித்தான் ஆக வேண்டும், டிரைவர் சம்பளமும் குறையாது. சிறையும் அப்படித்தான். ஒரு கைதி குறைந்தால் உண்மையில் மிச்சமாவது அவருடைய சாப்பாடும் துணியும் மருந்தும் மட்டுமே. மதில் காவலுக்கு நிற்பவர் நின்றுகொண்டுதான் இருப்பார்.

ஆயுள் கைதி சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதும் முழு உண்மை அல்ல. தண்டனைக் கைதிகள் தறி, தையல், பேக்கரி, தோட்டம் என்று வேலை செய்கிறார்கள். தமிழ்நாட்டில் சில சிறைகள் நடத்தும் பெட்ரோல் பங்குகளில் சீருடையில் வண்டிக்குப் பெட்ரோல் அடிப்பவர்கள் கைதிகள்தான். அவர்கள் கூலியில் ஒரு பகுதியைப் பராமரிப்புச் செலவுக்கும், இன்னொரு பகுதியைக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்கும் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு இங்கே உண்டு.

உள்ளே பிரியாணி போடுகிறார்கள் என்ற பேச்சைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மும்பைத் தாக்குதல் வழக்கில் அஜ்மல் கசாப் சிறையில் மட்டன் பிரியாணி கேட்டான் என்று நாடே கொதித்தது. அந்த வழக்கின் அரசு வழக்கறிஞர் உஜ்வல் நிகம், 2015இல் ஜெய்ப்பூரில் பேசும்போது, கசாப் பிரியாணி கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை, அவன் மேல் அனுதாப அலை எழாமல் தடுக்கத் தானே அப்படிச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். நம் ஊரில் தண்டச்சோறு என்று பேசும்போது பலர் மனக்கண்ணில் இருப்பது அந்த இல்லாத பிரியாணித் தட்டுதான்.

இந்தக் கணக்கிலேயே மிக முக்கியமான எண்களை இப்போது சொல்கிறேன். 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 5 லட்சத்து 73 ஆயிரம் பேர். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு இருப்பவர்கள் நாடு முழுவதற்கும் ஐந்நூற்றுச் சொச்சம். ஆயிரத்தில் ஒருவர். அத்தனை பேரையும் நாளைக்கே தூக்கில் போட்டாலும் ஆயிரம் தட்டில் ஒரு தட்டு குறையும். 2004 முதல் 2020 வரை இந்தியாவில் தூக்கிலிடப்பட்டவர்கள் எட்டுப் பேர்.

மீதித் தட்டுகள் யாருக்கு? அந்த 5 லட்சத்து 73 ஆயிரத்தில் 4 லட்சத்து 34 ஆயிரம் பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் சொல்லாதவர்கள். வரிப்பணம் வீணாகிறதே என்று உண்மையாகவே கவலைப்படுகிறவர் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அப்படியானால் தூக்கு வேண்டும் என்பதற்கு நியாயமே இல்லையா? இருக்கிறது. அது பணத்தில் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன், செய்தவன் உயிரோடு மூச்சு விடுவதையே தாங்க முடியாமல் கேட்பது வேறு ரகம். அதற்கு எதிரே உட்கார்ந்து பேச எனக்கு வாய் வராது. பயம் இருந்தால்தான் குற்றம் குறையும் என்பது இன்னொரு வாதம். 2015இல் சட்ட ஆணையம் தன் 262ஆவது அறிக்கையில், ஆயுள் தண்டனையைவிட மரண தண்டனை அதிகமாகத் தடுக்கிறது என்பதற்குச் சான்று இல்லை என்று சொல்லி, பயங்கரவாதம், நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்தல் ஆகிய குற்றங்கள் தவிர மற்றவற்றுக்கு அதை நீக்கப் பரிந்துரைத்தது. அரசு இன்னும் ஏற்கவில்லை.

என்னைத் தூக்குக்கு எதிராக நிறுத்தியது ஒரு வழக்கு. மகாராஷ்டிரத்தில் ஒரு குடும்பத்தினரைக் கொன்ற வழக்கில் ஆறு பேருக்கு 2009இல் உச்ச நீதிமன்றமே தூக்கை உறுதி செய்தது. அதில் மூன்று பேருக்கு உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்திருந்ததை மறுபடி தூக்காக்கியது. பத்து ஆண்டு கழித்து, 2019இல், அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் நிரபராதிகள் என்று விடுவித்தது. 16 ஆண்டு உள்ளே இருந்துவிட்டார்கள். தலைக்கு ஐந்து லட்சம் இழப்பீடு. இடையில் யாராவது அவசரப்பட்டிருந்தால் அந்த இழப்பீட்டை வாங்க ஆள் இருந்திருக்காது. 2016இன் அந்த ஆய்வு இன்னொன்றும் சொன்னது. தூக்குத் தண்டனைக் கைதிகளில் நான்கில் மூன்று பேர் அளவுக்கு ஏழைகள். நல்ல வக்கீல் வைக்க வசதி இல்லாதவர் மேல் பிழை விழும் வாய்ப்பு அதிகம் என்பதைக் கோர்ட்டில் தினமும் நிற்கிற எவரும் அறிவார்.

1862இல் தொடங்கிய இந்தச் சேலம் சிறைக்குத் தூக்கு தெரியாததல்ல. ஆறு கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட ஆட்டோ சங்கரை 1995 ஏப்ரல் 27 அன்று இங்கேதான் தூக்கிலிட்டார்கள். தமிழ்நாட்டில் அதற்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை. அதே மதிலுக்குள் 1950 பிப்ரவரி 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் இறந்தார்கள். எந்த நீதிமன்றமும் அவர்களுக்கு மரணம் விதித்திருக்கவில்லை.

அந்த மதிலுக்கு வெளியே மனு பார்க்கும் நாட்களில் கூட்டம் நிற்கும். மனு பார்ப்பது என்றால் உள்ளே இருப்பவரை எழுதிக்கொடுத்துச் சந்திப்பது. போன வருஷம் அங்கே ஒரு அம்மாவைப் பார்த்தேன். அன்னதானப்பட்டியில் வாடகை வீடு. மகன் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் பத்த வைக்கிற, அதாவது வெள்ளியை ஒட்டுகிற வேலை. திருட்டு வண்டி கைமாறிய வழக்கில் அவனையும் பிடித்திருந்தார்கள். மஞ்சப்பையில் ஒரு சீப்பு வாழைப்பழமும் இரண்டு பாக்கெட் பிஸ்கெட்டும் வைத்திருந்தார். பழம் வெயிலில் கறுக்க ஆரம்பித்திருந்தது. "ஜாமீன் எப்பவோ கெடச்சிருச்சுங்க சார்" என்றார். பின் ஏன் உள்ளே? இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், இருவரும் வீட்டு வரி ரசீது காட்ட வேண்டும். சொந்தத்தில் யாருக்கும் சொந்த வீடு இல்லை. ஜாமீன் உத்தரவு வந்து நாற்பத்தியொரு நாள் ஆகியிருந்தது. விரல்விட்டு எண்ணி வைத்திருந்தார். அந்த நாற்பத்தியொரு நாளும் அவனுக்குச் சோறு போட்டது நம் வரிப்பணம். அந்த நாட்களில் அவன் வீட்டில் கூலி வரவும் இல்லை.

இப்படி ஒருவர் உங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் இருந்தால் செய்ய வேண்டியது இது. சிறையில் இருப்பவர் யாராக இருந்தாலும், வருமானம் பார்க்காமல், இலவச வக்கீலுக்கு உரிமை உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் அந்த ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதம் ஆகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்த நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும் 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆவது பிரிவும் உதவும். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர், இப்போதைய குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரைப் பிணைப்பத்திரத்தின் பேரில் விட வேண்டும். மரணமோ ஆயுளோ தண்டனையாக உள்ள குற்றங்களுக்கும், வேறு வழக்குகள் நிலுவையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது.

அந்த அம்மாவுக்காக நாங்கள் போட்ட மனு ஒன்றரைப் பக்கம்தான். ஜாமீன்தாரருக்குச் சொத்து வேண்டாம், ஆதாரும் நிரந்தர வேலைக்கான சான்றும் போதும் என்று நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டோம். நீதிபதி அன்றைக்கே உத்தரவு போட்டார். பட்டறைக்காரரும் அவர் மைத்துனரும் வந்து கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் மாலை ஆறரை மணிக்குப் பையன் வெளியே வந்தான்.